அண்ணனுக்குத் தனித் தட்டு எதற்கு?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அண்ணன் லாரி ஓட்டுகிறார், வயது 34. மூன்று மாதமாக இருமல், ஆள் பாதியாகிவிட்டார். சளி எடுத்துப் பார்த்து டிபி என்றார்கள். கூடவே எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் இருக்கிறதாம். சி.டி.4 என்று போட்டு 140 என்று எழுதியிருக்கிறது. இது எச்.ஐ.வி.யா, எய்ட்ஸா? இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்? அண்ணிக்கும் நாலு வயதுப் பையனுக்கும் என்ன செய்வது? அம்மா அண்ணனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். அது சரியா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் நாளைக்குக் காலையில் படித்தாலும் போதும், இது இன்று ராத்திரி சாப்பாட்டுக்கே வேண்டும். தட்டு வேண்டாம், டம்ளரும் வேண்டாம். எச்சிலில் எச்.ஐ.வி. தொற்றாது. வியர்வையில், துணியில், கக்கூஸில், கொசுக்கடியில் தொற்றாது. ஒரே சட்டியில் கிண்டிய களியை ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டாலும் தொற்றாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் இவற்றின் வழியாகத்தான் பரவும். அதுவும் இன்னொருவரின் உடம்புக்குள் போனால்தான்.

அம்மா பயப்படுவது டிபிக்காக என்றால் அதற்கும் தட்டு பதில் இல்லை. டிபி காற்றில் வருவது. இருமும்போது வாயை மூட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களுக்குப் பையன் அண்ணனோடு ஒரே அறையில் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திண்ணையோ மொட்டை மாடியோ இருந்தால் அண்ணனுக்கு அங்கே கட்டில் போடுங்கள், காற்றோட்டமாக இருக்கும். தட்டைக் கழுவி மற்ற தட்டுகளோடு அடுக்கிவிடச் சொல்லுங்கள். அம்மாவிடம் நீங்கள் பேசுவதைவிட, அண்ணன் சாப்பிட்டு மீதம் வைத்ததில் நீங்கள் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினால் சீக்கிரம் புரியும்.

நான் யார் என்று ஒரு வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் 20 வருஷத்துக்கு மேல் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருபவர்களோடு பேசுவதையே வேலையாகச் செய்தவன். பலகையில் ஆற்றுப்படுத்துநர் என்று எழுதியிருக்கும், யார் வாயிலும் நுழையாது. கவுன்சிலர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி என்னை வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். நான் மருத்துவர் இல்லை. மருந்து அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்து, அதாவது எச்.ஐ.வி. மருந்து தரும் மையத்து மருத்துவர் சொல்ல வேண்டியது. அவர்கள் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்தி நிதானமாகச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது, இங்கேயும் அதைத்தான் செய்கிறேன்.

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி பல வருஷம் அரித்த பிறகு உடம்பு போய்ச் சேரும் நிலையின் பெயர். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மாத்திரையை ஏன் விடக்கூடாது என்பது மண்டையில் ஏறும்.

சந்தூர் பக்கம் மாங்கன்றுப் பண்ணைகளைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த செடியைச் சீவி, அதில் ஒரு மல்கோவாக் குச்சியை வைத்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடித்துவிட்டால் வேர் நாட்டு மரத்துடையது, தண்ணீர் அது உறிஞ்சுவது, காய்ப்பது மட்டும் மல்கோவா. எச்.ஐ.வி. செய்வதும் இந்த ஒட்டுக்கட்டும் வேலைதான். நம் ரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. கிருமி வந்தால் மற்ற அணுக்களைத் தட்டியெழுப்பி வேலை வாங்கும் மேஸ்திரி அது. எச்.ஐ.வி. நேராக அதற்குள் நுழைகிறது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் ஒட்ட வைத்துவிடுகிறது. அப்புறம் அந்த அணு தன் வேலையை விட்டுவிட்டு எச்.ஐ.வி.யையே காய்த்துத் தள்ளும், கடைசியில் செத்துப்போகும்.

சில அணுக்களில் ஒட்டுக் கட்டியது பிடித்திருக்கும், ஆனால் துளிர்க்காமல் தூங்கும். மாத்திரை புதிதாக ஒட்டுக்கட்டுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே பிடித்த ஒட்டைப் பிரித்தெடுக்காது. அதனால்தான் 'ஒரே ஊசியில் குணம்' என்பது இன்றுவரை இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தூங்கியது எழுந்துகொள்ளும்.

மருந்தே எடுக்காவிட்டால் கிருமி நுழைந்ததிலிருந்து எய்ட்ஸ் நிலைக்கு வர சராசரியாக 8 முதல் 10 வருஷம் ஆகும். முதல் சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வந்து தானாகப் போகும். வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. மூட்டை தூக்குவார்கள், எருது விடும் விழாவில் ஓடுவார்கள், கல்யாணம் செய்வார்கள். ஆளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை சி.டி.4 இருக்கும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணனுக்கு 140. ஆகவே நேரான பதில்: ஆமாம், கணக்குப்படி எய்ட்ஸ் நிலைதான். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த எண் ஆணியில் அடித்து மாட்டியது இல்லை, ஏறும். மாத்திரை வைரஸை அடக்கியதும் மேஸ்திரிகள் திரும்பி வருவார்கள். இரட்டை இலக்கத்தில் வந்து, தோளில் சாய்த்துத் தூக்கிவரப்பட்டு, இரண்டு வருஷம் கழித்துத் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மண்டியில் என்னைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். எங்கள் தொழிலில் வெளியில் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விக்கு நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறு பதில் இருந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் சாதாரண ஜனங்களுக்கு மருந்து எட்டவே இல்லை. கூட்டு மருந்து வெளிநாட்டில் வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றது. 2001இல் மும்பையின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் கூலிவேலை செய்பவருக்கு அதுவும் நிலத்தை விற்கும் காசுதான். 2004 ஏப்ரல் 1 முதல்தான் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் அங்கே வரிசையில் நின்றவர்கள் உண்டு.

இப்போது தருமபுரியிலேயே, கிருஷ்ணகிரியிலேயே வாங்கலாம். அப்போதெல்லாம் சி.டி.4 இறங்கினால்தான் மருந்து என்று விதி. 'உங்களுக்கு இன்னும் நல்லா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பியவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. 2017 முதல் அந்த விதி போய்விட்டது, எண் எதுவானாலும் உடனே மருந்து. இன்று சீக்கிரமே கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து எடுப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் இருக்கிறார். உங்கள் அண்ணன் தாமதமாக வந்திருக்கிறார். அவருக்கு ஆபத்தான காலம் இனிவரும் ஆறு மாதம். அதைத் தாண்டிவிட்டால் வருஷத்தை எண்ண வேண்டியதில்லை.

அந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆட்களை நாங்கள் இழந்தது பெரும்பாலும் இங்கேதான்.

டிபி மருந்துதான் முதலில். அது உடம்புக்கு ஒத்துக்கொண்டதும், வழக்கமாக இரண்டு வாரத்துக்குள், எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குவார்கள். மூளையைத் தாக்கிய டிபி என்றால் மட்டும் இன்னும் தள்ளிப்போடுவார்கள். டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! பயப்பட வேண்டாம், அது மருந்தின் சாயம். எச்.ஐ.வி.க்கு இப்போது கொடுப்பது ஒரே மாத்திரை. உள்ளே மூன்று மருந்து இருக்கும்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கும், மூன்றாவது ஒட்டுக்கட்டுவதையே தடுக்கும். ரிஃபாம்பிசின் இந்த டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் டிபி மருந்து முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் மாத்திரை தனியாகத் தருவார்கள். 'ஒரே மாத்திரைன்னாங்களே, எதுக்கு ரெண்டு?' என்று அண்ணன் இரண்டாவதை ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றோடு கோட்ரைமாக்சசோல் என்று ஒன்று தினமும் தருவார்கள், சி.டி.4 குறைவாக இருக்கும் காலத்தில் நிமோனியா போன்றவை வராமல் காக்க. பெரிய வெள்ளை மாத்திரை, விழுங்கக் கஷ்டம். ஆனாலும் விடக்கூடாது.

மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி வரலாம், கழுத்தில் நெறி கட்டலாம், இருமல் கூடலாம். இது பலரையும் ஏமாற்றிவிடும். தூங்கிக்கிடந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட டிபி கிருமியோடு சண்டை போடத் தொடங்குகிறது. அந்தச் சண்டையின் சூடுதான் இது. ஊரில் இதற்கு ஒரே விளக்கம்: 'மாத்திரை ஒத்துக்கல.' உடனே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் மையத்துக்கு ஓடுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. அதேபோல விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்குவது, மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் அடுத்த மாதத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். சி.டி.4 இவ்வளவு குறைவாக உள்ளவருக்கு விடாத தலைவலி என்றால் மூளையுறையில் பூஞ்சைத் தொற்றா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் டிபிக்கு மத்திய அரசு ஊட்டச்சத்துக்கு என்று மாதம் ₹1,000 வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 அக்டோபர் வரை ₹500ஆக இருந்தது. வங்கிப் புத்தக நகல் கொடுத்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணியையும் பையனையும் பற்றி. அண்ணிக்கு உடனே பரிசோதனை வேண்டும், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். விரலில் அல்லது கையில் ரத்தம் எடுத்து முதலில் ஒரு சோதனை செய்வார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் வேறு வேறு முறையில் இன்னும் இரண்டு செய்வார்கள், மூன்றிலும் தெரிந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். 'இல்லை' என்று வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இந்தச் சோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளை. அது தெரிய வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். ஆணுறை கட்டாயம்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அண்ணிக்கு இல்லை என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அண்ணனுடைய ரிப்போர்ட் பொய் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு உறவிலும் தொற்றிவிடும் கிருமி இல்லை இது. ஒரு தடவையில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக ஆயிரத்தில் ஒன்று என்கிற அளவில்தான். பால்வினைப் புண் இருந்தாலும், கிருமி புதிதாக நுழைந்த காலமானாலும் அது பல மடங்கு ஏறும். ஒரே தடவையில் தொற்றியவர்களும் உண்டு, பத்து வருஷம் தொற்றாதவர்களும் உண்டு.

பையனுக்கு அப்பாவிடமிருந்து நேராக வராது. வந்தால் அம்மாவிடமிருந்துதான்: கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில். அண்ணிக்கு இல்லை என்று உறுதியானால் பையனைக் குத்த வேண்டியதே இல்லை. அண்ணிக்கு இருந்தால், கர்ப்பகாலச் சோதனையில் 'இல்லை' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் பையனுக்குப் பார்த்துவிடுங்கள், பால் கொடுத்த காலத்தில் தொற்றியிருக்கலாம் அல்லவா. ஒருவேளை அண்ணி மறுபடி கர்ப்பம் தரிக்க நினைத்தால் அதுவும் முடியும். ஒன்றும் செய்யாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பையனுக்கு இப்போதே வேண்டியது வேறொன்று: வீட்டில் டிபி இருப்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிபி தடுப்பு மருந்து தர வேண்டும். எச்.ஐ.வி. பயத்தில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. எங்கிருந்து வந்தது? உங்கள் வீட்டில் அதைத்தான் எல்லோரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லாரி டிரைவர் என்றதும் தொப்பூர் கணவாய், தாபா, நெடுஞ்சாலை என்று ஊரே ஒரு கதையைக் கட்டிவிடும். எட்டுப் பத்து வருஷத்துக்கு முன்னால் நுழைந்ததை இப்போது தேடி என்ன செய்யப்போகிறோம்? இருபது வருஷத்துக்கு முன் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விளம்பரத்துக்காகக் கற்பனை செய்த ஓர் ஆளின் பெயரைப் போட்டுச் சுவரெல்லாம் எழுதினார்கள். அதனால் எய்ட்ஸ் என்கிற சொல் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் புள்ளிராஜா மாதிரி ஊர்மேயும் ஆட்களுக்கு மட்டும் வருவது என்கிற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரில் அழுத பெண்களில் பெரும்பாலோர் புருஷனைத் தவிர வேறு ஆளை அறியாதவர்கள். சலூன் பிளேடு என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. அப்படித் தொற்றிய ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் அதைச் சொல்லி ஒரு குடும்பம் சண்டை போடாமல் ஒன்றாக இருக்கிறது என்றால் நான் வாதாடப் போவதும் இல்லை. எப்படியும் புது பிளேடு போடச் சொல்வது நல்லதுதான், ஹெபடைட்டிஸ் பி அதைவிடச் சுலபமாகத் தொற்றும்.

மாத்திரைக்கு வருவோம். தினமும், முடிந்தவரை ஒரே நேரத்தில், ஆயுள் முழுக்க. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை விடும். ரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும் நாளில் அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்கு மசியாததாக அமைந்துவிட்டால், அப்புறம் அதுதான் பெருகும். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போடலாம். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து ஆகியவை டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றை எடுப்பதாக இருந்தால் எச்.ஐ.வி. மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் பின்னதாகவோ போட வேண்டும். இதை ஒரு தடவை நான் விளக்கியதும் ஒருவர் ராகியில் கால்சியம் இருக்கிறது என்று களியையே விட்டுவிட்டார். அப்படியெல்லாம் விட வேண்டாம். நான் சொன்னது மாத்திரையை, சாப்பாட்டை இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரை விட்டுப்போவதற்கு மறதி காரணமாக இருப்பது குறைவு. பெரிய காரணம் ஒளிப்பது. பென்னாகரம் பக்கமிருந்து ஓர் அம்மா வருவார். முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா, நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரி 'என்னக்கா பையில?' என்று கேட்டுவிடுவாளாம். அதனால் மையத்து வாசலிலேயே லேபிளை எச்சில் தொட்டுக் கிழித்துவிட்டு, மாத்திரையையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போவார். உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும், அதுவும் டப்பாவோடு போய்விடும். வீட்டில் புளிப்பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைப்பாராம். வியர்வையிலும் ஈரத்திலும் மாத்திரை ஊறிப்போய் ஒரு முறை எடுத்துக் காட்டினார். கையில் வைத்ததும் பொடிந்தது. டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து அடைத்தால் சத்தம் வராது என்று சொல்ல எனக்கு அன்றுதான் தோன்றியது. அதற்கப்புறம் மேசை டிராயரில் எப்போதும் ஒரு பஞ்சுச் சுருள் வைத்திருந்தேன். கேட்டு வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அண்ணன் வண்டியில் போகிறவர். உடம்பு தேறி மறுபடி ஓட்டப் போகும்போது மையத்தில் மருந்து விவரம் எழுதிக் கொடுக்கும் பச்சைப் புத்தகத்தையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். வழியில் மாத்திரை தீர்ந்துபோனால் நாக்பூரோ நாசிக்கோ, எந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்திலும் அதைக் காட்டி வாங்கலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இது தெரியாமல் மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது மெலிந்து வருவார்கள். 1097 என்கிற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிட்டு எந்த ஊரில் எங்கே மையம் என்று கேட்கலாம்.

ஆறு மாதத்தில் வைரல் லோடு பார்ப்பார்கள், ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்கிற கணக்கு. சி.டி.4ஐ விட எனக்கு இந்த எண்தான் முக்கியம். அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. சென்னையும் புனேயும் சேர்ந்திருந்த, 1,763 ஜோடிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011இல் இதற்கு வழி திறந்தது. உடனே மருந்து தொடங்கிய ஜோடிகளில் தொற்று 96 சதவீதம் குறைந்தது. வைரஸ் முழுக்க அடங்கியவர்களை வைத்துப் பிறகு நடந்த ஆய்வுகளில் ஒரு தொற்றுகூட இல்லை. அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, அண்ணனையும் அண்ணியையும் ஒன்றாக உட்காரவைத்து மையத்தில் சொல்வார்கள். ஆனால் நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை நின்றால் இந்தக் கணக்கும் நின்றது.

நாட்டு மருந்து பற்றி உங்கள் வீட்டில் யாராவது கட்டாயம் பேச்செடுப்பார்கள். அதியமான் ஔவைக்கு ஆயுள் நீட்டிக்கும் நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர்கள் நாம், அந்த ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது. தாம்பரத்தில் ஒரு காலத்தில் சித்த மருந்தும் கொடுத்தார்கள்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். கூட்டு மருந்து கிடைக்காத நாட்களில் அது பலருக்குத் தெம்பாக இருந்தது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைரஸை இன்றைய மாத்திரை அளவுக்கு அடக்கியதாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பாதரசம் சேர்ந்த மருந்து, டெனோஃபோவிர் இரண்டுமே சிறுநீரகத்தைத் தொடுபவை. இரண்டையும் சேர்த்துப் போடுவது வம்பு. நெல்லிக்காயை ஊறுகாயாகவோ தேனில் ஊறவைத்தோ எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடட்டும். 'நாற்பத்தெட்டு நாளில் நெகட்டிவ் ஆக்குகிறேன், இங்கிலீஷ் மருந்தை நிறுத்து' என்று எவனாவது சொன்னால் அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யாரிடம் சொல்வது என்பது அண்ணனுடைய முடிவு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் இருக்கிறது. அதன்படி அவர் சம்மதமில்லாமல் அவருடைய நிலையை வெளியில் சொல்லக்கூடாது. வேலையிலிருந்து நீக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லவோ, சிகிச்சை தர மறுக்கவோ கூடாது. சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடாது என்பதும் தெரியும். நான் அழைத்துப்போன ஒருவருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன், ஆனால் படித்ததைப் படிக்காததாக்க முடியவில்லை. அதனால் லாரி ஓனருக்கு டிபி என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. நீங்களும் இந்தக் கேள்வியை எழுதியதுபோல ஊர்ப்பெயர், வண்டி அடையாளம் எதையும் அடுத்த முறை எழுத வேண்டாம். பாலக்கோடு என்று சொன்னதே அதிகம்.

அடுத்த தடவை அண்ணன் மாத்திரை வாங்கப் போகும்போது அண்ணியும் கூடப் போகட்டும். பையனையும் தூக்கிக்கொண்டு போனால் டிபி தடுப்பு மருந்தையும் அன்றே கேட்டுவிடலாம். எச்.ஐ.வி. சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையில் சாப்பிட்டுவிட்டே கிளம்பச் சொல்லுங்கள்.